"குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்" - கிழிச்சுப் போட்ட ஒரு நோட்டீஸைப் பற்றி

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆணி கொஞ்சம் அதிகம். ஆனா இன்னைக்கு எழுதாம விட்டா தூக்கம் வராது போலிருக்கு, அதான் வந்துட்டேன்.

போன வாரம் ஆய்க்குடியில இருந்து தென்காசிக்கு பஸ்ல போயிட்டிருந்தேன். வெளியே லேசா சாரல். ஜன்னல் ஓரம் சீட்டு. இதைவிட என்ன வேணும்னு நினைச்சுக்கிட்டே உட்கார்ந்தா, முன்சீட்டு முதுகுல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை மறக்கடிக்கலாமாம். சாப்பாட்டுல கலந்து கொடுத்தாப் போதுமாம். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசி கிடையாது. நூறு சதவீத உத்தரவாதம். கீழே ஒரு செல் நம்பர்.

கிழிச்சு, சுருட்டி, பையில போட்டுக்கிட்டேன்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் என்னை ஒரு மாதிரியா பார்த்தார். "ஏன் தம்பி கிழிக்கிய? யாராவது பாவப்பட்ட பொம்பள வாங்கிக் குடுத்து, புருசன் திருந்திட்டுப் போறான். ஒங்களுக்கு என்ன நட்டம்?"

பஸ்ஸுக்குள்ள சத்தம் போட்டுச் சொல்லக்கூடிய பதில் எங்கிட்ட இல்லை. அந்தப் பெரியவருக்குச் சொல்லாம விட்ட பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு வச்சுக்கோங்க.

சின்னதா ஒரு கொசுவத்தி சுத்திட்டு மேட்டருக்கு வர்றேன்.

எனக்கு ஒரு அண்ணன். பெரியம்மா மகன். நல்ல உழைப்பாளி. எங்க குடும்பத்துல எந்த வீட்டுல விசேஷம்னாலும் பந்தியில முதல் ஆளா நிக்கிறவர். ஆரம்பத்துல குற்றாலம் சீசனுக்கு சீசன் மட்டும்தான் குடி. அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை. அப்புறம் சாயங்காலம். கடைசியில காலையில எழுந்ததும் கை நடுங்கும், கொஞ்சம் உள்ளே போனாத்தான் சட்டைப் பொத்தானே போட முடியும்ங்கிற நிலைமை.

மதினி எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. பிள்ளைங்க தலையில அடிச்சு சத்தியம் வாங்கினாங்க. எங்க ஊர் பாலசுப்பிரமணிய சாமிக்கு படிப்பாயசம் நேர்ந்துகிட்டாங்க. (வெளியூர்க்காரங்களுக்கு: அனுமன் நதிப் படியில பாயசத்தை ஊத்தி, பிள்ளைங்க அதை எடுத்துச் சாப்பிடுறது எங்க ஊர் நேர்த்திக்கடன்.) பெரியப்பா அடிச்சார். மச்சினன் வந்து மானத்தை வாங்கினார். ஒண்ணும் நடக்கலை.

அப்பத்தான் இதே மாதிரி ஒரு நோட்டீஸ் கண்ணுல பட்டது. மதினிக்கு இல்லைங்க. எனக்கு. நான்தான் போன் பண்ணேன். நான்தான் பணம் அனுப்பினேன். கூரியர்ல வந்த பொட்டலத்தை மதினி கையில கொடுத்ததும் நான்தான். டிகிரி படிச்சவன், கம்ப்யூட்டர் தட்டுறவன், ஊருக்கே புத்தி சொல்றவன்.

ஒரு ஞாயித்துக்கிழமை சொதியில கலந்தாச்சு. அண்ணன் சாப்பிட்டுட்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் இருக்கும். மூஞ்சியெல்லாம் செக்கச்செவேல்னு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, வாந்தி எடுத்து எடுத்து, தெருமுனையிலேயே விழுந்து கிடந்தார். ஆட்டோவில தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிரஷர் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான். "என்ன சாப்பிட்டார்? வேற ஏதாவது மருந்து எடுக்கிறாரா?"

மதினி என்னைப் பார்த்தாங்க. நான் மதினியைப் பார்த்தேன். ரெண்டு பேருமே வாயைத் திறக்கலை.

அரை மணி நேரம். ஒரு மனுசன் உயிருக்குப் போராடிட்டு இருக்கிறப்போ, வைத்தியம் பார்க்கிறவருக்குத் தேவையான ஒரே தகவலை நான் அரை மணி நேரம் மறைச்சேன். அப்புறம் வராண்டாவுல மதினி அழுதுகிட்டே, "தம்பி, சொல்லிருங்க தம்பி, அவிய செத்துட்டாவன்னா நாம ரெண்டு பேரும் சேர்ந்து கொன்னதா ஆயிரும்" னாங்க. போய்ச் சொன்னேன். அந்த டாக்டர் என்னைத் திட்டலை. பார்த்தார், அவ்வளவுதான். அதுக்குத் திட்டியிருக்கலாம்.

அண்ணன் பிழைச்சுக்கிட்டார். கொசுவத்தி முடிஞ்சது.

இப்போ மேட்டர். அந்தப் பொட்டலத்துல என்ன இருந்ததுன்னு இன்னை வரைக்கும் யாருக்கும் தெரியாது. மேல ஒரு பேரு இல்லை, அளவு இல்லை, தேதி இல்லை. டாக்டர் சந்தேகப்பட்டது டைசல்ஃபிரம்ங்கிற மருந்தை. அது ஒண்ணும் மந்திரம் இல்லை. 1940-களோட கடைசியில டென்மார்க்குல யென்ஸ் ஹால்ட், எரிக் யாகப்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், குடல் புழுவுக்கு மருந்தா ஆகுமான்னு இதைப் பரிசோதிச்சுகிட்டிருந்தாங்க. தாங்களே முழுங்கியும் பார்த்தாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் குடிச்சதும் உடம்பைப் புரட்டிப் போட்டுருச்சு. அப்படித்தான் இதோட குணம் தெரிய வந்தது.

விஷயம் இதுதான். நாம குடிக்கிற சாராயத்தை ஈரல் ரெண்டு கட்டமா உடைக்குது. முதல் கட்டத்துல அசிட்டால்டிஹைடுன்னு ஒரு நச்சு உண்டாகும். ரெண்டாவது கட்டத்துல அது ஆபத்தில்லாத பொருளா மாறிடும். டைசல்ஃபிரம் அந்த ரெண்டாவது கட்டத்தைப் பூட்டு போட்டுருது. நச்சு உடம்புக்குள்ளயே தேங்கும். மூஞ்சி சிவந்து, தலை வெடிச்சு, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். கடுமையா வந்தா இதயமே நின்னு போகலாம். மருந்தை நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. சாராயம் கலந்த இருமல் டானிக் குடிச்சாக்கூட வரலாம்.

இதை டாக்டர்கள் இன்னைக்கும் பயன்படுத்துறாங்க. ஆனா எப்படி? ஈரலைப் பரிசோதிச்சு, இதயத்தைப் பரிசோதிச்சு, "ஐயா, இதைப் போட்டுக்கிட்டுக் குடிச்சா உயிருக்கு ஆபத்து, சம்மதமா?"ன்னு கேட்டு, குடிக்காம இருக்கிற நேரத்துல கொடுப்பாங்க. அமெரிக்காவுல இந்த மருந்து அட்டையில கட்டம் கட்டி ஒரு எச்சரிக்கை போட்டிருக்கும்: நோயாளி போதையில இருக்கிறப்போ கொடுக்கவே கூடாது, அவருக்கு முழுசாத் தெரியாம கொடுக்கவே கூடாதுன்னு.

பார்த்தீங்களா? மருந்துக்காரன் கட்டம் கட்டி எதைச் செய்யாதேங்கிறானோ, அதையேதான் நம்ம நோட்டீஸ்காரன் கொட்டை எழுத்துல சிறப்பம்சமா போட்டு விக்கிறான். தெரியாமல் கொடுக்கலாம்!

சரி, அவன் வியாபாரி. நாம ஏன் வாங்குறோம்? இங்கதான் என் உண்மையான கோபம் இருக்கு. அது அவன் மேல இல்லை, நம்ம மேல.

நாம வாங்குறதுக்குக் காரணம், குடிக்கிறவனை ஒரு ஆளாவே நாம மதிக்கிறதில்லை. அவன் ஒரு பிரச்சினை. ஒரு அசிங்கம். வீட்டுல எலி இருந்தா எலிகிட்ட பேசிட்டா மருந்து வைக்கிறோம்? அது மாதிரிதான். "மனசு வச்சா விட்டுரலாம், இவனுக்கு மனசு இல்லை, கொழுப்பு" - இந்த ஒரு வாக்கியத்துல நம்ம மனோதத்துவம் மொத்தமும் முடிஞ்சு போச்சு.

புளியரை எஸ் வளைவுல பிரேக் பிடிக்காம இறங்குற லாரி டிரைவர்கிட்டப் போய், "மனசு வச்சா நிறுத்திரலாம்ல?"ன்னு கேட்போமா? மூளையிலயும் ஒரு பிரேக் இருக்கு, நெத்திக்குப் பின்னால. "வேணும், இப்பவே வேணும்"னு உந்துற பகுதி உள்ளே ஆழத்துல இருக்கு. வருசக்கணக்கா சாராயம் ஊத்த ஊத்த, உந்துறது பலமாகுது, பிரேக் தேயுது. அண்ணன் குடியை ரசிச்சுக் குடிச்ச காலம் எப்பவோ முடிஞ்சு போச்சு. கடைசி வருசங்கள்ல அவர் குடிச்சது நடுக்கம் நிக்கிறதுக்கு. இது யாருக்கு வரும், யாருக்கு வராதுங்கிறதுல ஏறக்குறைய பாதி பரம்பரை வாகுன்னு இரட்டையர்களை வச்சு நடந்த ஆய்வுகள் சொல்லுது. ஒரே மேசையில உட்கார்ந்து குடிச்ச நாலு பேர்ல மூணு பேர் எழுந்து வீட்டுக்குப் போவாங்க, ஒருத்தரால முடியாது. அந்த ஒருத்தருக்குக் கொழுப்பு கூடுதல்னு அர்த்தம் இல்லை.

இதை வேற எந்த ஊர்க்காரன் புரிஞ்சுக்கலைன்னாலும் பரவாயில்லை. ஆய்க்குடிக்காரன் புரிஞ்சுக்கணும். அமர் சேவா சங்கம் இருக்கிற ஊருங்க இது. 1975-ல கடற்படை அதிகாரித் தேர்வுல விழுந்து முதுகெலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல இந்த ஊர்ல ஆரம்பிச்சது. 2020-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க அவருக்கு. நாப்பது வருசத்துக்கு மேல சக்கர நாற்காலியைப் பார்த்துப் பழகின ஊர். இந்த ஊர்ல ஒரு குழந்தைகூட ஊனமுற்றவரைப் பார்த்து "மனசு வச்சா நடக்கலாம்ல"ன்னு கேட்காது. பயிற்சி வேணும், துணை வேணும், காலம் வேணும்னு நமக்குத் தெரியும். அதே நாம, நாலு தெரு தள்ளி மூளையில அடிபட்டுக் கிடக்கிறவனைப் பார்த்து "எந்திரில நாயே"ங்கிறோம். முதுகெலும்பு கண்ணுக்குத் தெரியுது, எக்ஸ்ரே எடுக்கலாம், அதனால அனுதாபம். மூளை தெரியலை, அதனால செருப்பு. அவ்வளவுதானா நம்ம நியாயம்?

இன்னும் ஒண்ணு கேக்குறேன். குடிக்குப் பொடி கலந்தீங்க. ரம்மிக்கு எதைக் கலப்பீங்க?

சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் கேக்குறேன். செல்போன்ல ரம்மி விளையாடி வீட்டை அடகு வச்சவங்களும் உயிரை விட்டவங்களும் இந்தத் தமிழ்நாட்டுல எத்தனை பேர்? நீதிபதி சந்துரு தலைமையில கமிட்டி போட்டு, 2022-ல சட்டமன்றத்துல மசோதா நிறைவேத்தி, கவர்னர் திருப்பி அனுப்பி, 2023-ல மறுபடி நிறைவேத்திச் சட்டமாக்கினாங்க. அதே வருசம் நவம்பர்ல ரம்மி, போக்கர் மேல இருந்த தடை செல்லாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிருச்சு. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல பாராளுமன்றமே பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செஞ்சு சட்டம் போட்டது. ரம்மி ஆடுறவன் வயித்துக்குள்ள எந்தத் திரவமும் போகலை. ஆனா அதே நடுக்கம், அதே பொய், அதே "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்".

மனநல மருத்துவமே இதைப் புரிஞ்சுக்கக் கொஞ்ச காலம் எடுத்துக்கிட்டது. 1980-ல அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் வெளியிட்ட கையேட்டுல, சூதாட்டப் பித்தை, கை அரிச்சுத் திருடுறது, தீ வைக்கிற வெறி இதுங்களோட சேர்த்து "உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகள்"ங்கிற பட்டியல்லதான் வச்சிருந்தாங்க. 2013-ல வந்த பதிப்புல அதைத் தூக்கி குடிநோய் இருக்கிற அத்தியாயத்துக்கே மாத்திட்டாங்க. 2022-ல நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலும் ரெண்டையும் ஒரே குடும்பத்துலதான் வச்சிருக்கு. ஏன்? கோளாறு பாட்டில்ல மட்டும் இல்லை, அந்தப் பிரேக்குலயும் இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. பிரேக்கைச் சரி பண்ண சொதியில கலக்குற பொடி கிடையாது. வண்டிக்காரனையும் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் பிரேக்கைப் பார்க்க முடியும்.

இப்போ வழக்கமா வர்ற ரெண்டு எதிர்ப்பு.

ஒண்ணு: "நோய்னு சொல்லிட்டா குடிகாரனுக்கு லைசன்ஸ் கொடுத்த மாதிரி ஆயிராதா?" ஆகாது. சர்க்கரை நோய்னு சொன்னதும் யாரும் திருநெல்வேலி அல்வாவைக் கால் கிலோ வாங்கிக் கையில கொடுக்கிறதில்லை. மாத்திரை போடு, நட, சோதனை பண்ணுன்னுதான் சொல்றோம். நோய்ங்கிறது பொறுப்பைக் குறைக்காது, சிகிச்சைங்கிற பொறுப்பைக் கூட்டும். பொண்டாட்டியை அடிச்சா அது குற்றம், குடிநோய் அதுக்குச் சாக்கு கிடையாது. ரெண்டும் தனித்தனி.

ரெண்டு: "கடையை மூடிட்டாப் போதும்." கடை குறையணும்ங்கிறதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்லை. 2003 கடைசியில சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில எடுத்ததுல இருந்து அரசாங்கமே ஊத்திக் கொடுக்குது, அதை எத்தனை முறை வேணும்னாலும் திட்டலாம். ஆனா ஏற்கெனவே நோயாளி ஆனவனுக்கு, கடையைத் திடீர்னு மூடுறது மட்டுமே வைத்தியம் ஆகாது. 2020 மார்ச்ல கொரோனாவுக்காக ஒரே ராத்திரியில எல்லாக் கடையும் பூட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? பக்கத்துல கேரளாவுல நிலைமை முத்தி, டாக்டர் சீட்டு இருந்தா மதுன்னு அரசாங்கம் உத்தரவே போட்டது. ஏப்ரல் 2-ம் தேதி அந்த ஊர் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வச்சது. டாக்டர் கையால சாராயம் எழுத வைக்கிறது தப்புதான். ஆனா அந்தப் பதற்றம் பொய் இல்லை.

நல்லா முத்தின குடிநோயாளி திடீர்னு நிறுத்தினா, சில மணி நேரத்துல நடுக்கம். ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாள்ல ஆள் அடையாளம் தெரியாம, இல்லாத பூச்சியெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சு, ஜன்னி கண்டு உயிரே போகலாம். ஆகவே தயவுசெஞ்சு யாரையும் ரூம்ல போட்டுப் பூட்டாதீங்க. நாங்க அதையும் செஞ்சோம்! பொடி விவகாரத்துக்கு அப்புறம் அண்ணன் வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்னுட்டார். மதினி போட்ட சோத்தை மோந்து பார்ப்பார். பிள்ளையைச் சாப்பிட வச்சுட்டுத்தான் தான் சாப்பிடுவார். ஒரு வீட்டுல சோறே சந்தேகப் பொருளா ஆயிட்டா மிச்சம் என்ன இருக்கு சொல்லுங்க. குடி இன்னும் கூடினது. மூணு நாள் பூட்டி வச்சோம். ரெண்டாம் நாள் வலிப்பு வந்தது.

அதுக்கு அப்புறம்தான் மனநல மருத்துவர்கிட்டப் போனோம். அவர் எங்களையெல்லாம் வெளியே அனுப்பிட்டு அண்ணன்கிட்ட தனியா முக்கால் மணி நேரம் பேசினார். ஆஸ்பத்திரியில சேர்த்து, நடுக்கம் அடங்க மருந்து, பி1 வைட்டமின் ஊசி, அப்புறம் ஆசையைக் குறைக்கிற மாத்திரை, வாராவாரம் பேச்சு. ரெண்டு முறை சறுக்கினார். நாங்க "பாத்தியா, இவன் திருந்த மாட்டான்"னோம். டாக்டர் சொன்னார், இந்த நோய் திரும்ப வர்றது நூத்துக்கு நாப்பதுல இருந்து அறுபது பேருக்கு, பிரஷர், ஆஸ்துமாவும் ஏறக்குறைய அப்படித்தான் திரும்ப வருது, அதுக்காக யாரையாவது செருப்பால அடிக்கிறீங்களான்னு.

2019-ல எய்ம்ஸ் மூலமா மத்திய அரசு ஒரு கணக்கு வெளியிட்டது. மதுவுக்கு அடிமையான 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்குது. ஆஸ்பத்திரியில சேர்ந்து சிகிச்சை 180-ல ஒருத்தருக்கு. மிச்ச 37 பேர் எங்கே? சத்தியத்துலயும், தாயத்துலயும், சொதியிலயும் இருக்காங்க.

இது ஏழை வீட்டு விஷயம்னும் நினைக்காதீங்க. முன்னாள் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி குடும்பத்துலயே டி.டி.ரங்கநாதன் குடிநோயால இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் வீட்டுக்குள்ள முடங்கலை, 1980-ல சென்னையில அவர் பேர்லயே குடிநோய் சிகிச்சை மையம் ஆரம்பிச்சாங்க. மறைக்க எல்லா வசதியும் இருந்த குடும்பம், மறைக்காம பேரைப் போட்டு போர்டு வச்சது. நாம பொட்டலத்தை முந்தானையில மறைச்சுகிட்டு இருக்கோம்.

என்ன செய்யலாம்?

குடிக்காம இருக்கிற நேரமாப் பார்த்து அவர்கிட்டயே பேசுங்க. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. நம்ம பக்கம் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில பெரிய பிரிவே இருக்கு. போன்ல கேக்கணும்னா 14416, இல்லைன்னா போதைக்குன்னே 14446, ரெண்டும் இலவசம். 2017 மனநலச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால வர்ற மனநிலைக் கோளாறையும் மனநோய்ங்கிற விளக்கத்துல சேர்த்திருக்கு. அதனால கைகாலைக் கட்டித் தூக்கிட்டுப் போற "மறுவாழ்வு மையம்" பக்கம் போகாதீங்க. முக்கியமா, ஏற்கெனவே பொடி கொடுத்திருந்தா டாக்டர்கிட்ட முதல் நிமிஷத்துலயே சொல்லிருங்க. என்னை மாதிரி அரை மணி நேரம் நிக்காதீங்க.

அண்ணன் குடிக்காம இப்போ பதினாலு மாசம். போன மாசம் வீட்டு வாசல்ல உட்கார்ந்து பேசிட்டிருக்கும்போது, பொடி வாங்கினது நான்தான்னு அவர்கிட்டச் சொன்னேன். மதினி அத்தனை வருசமும் என் பேரைச் சொல்லவே இல்லை, பழியைத் தானே சுமந்திருக்காங்க. அண்ணன் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்.

"பொடியக்கூட விடுல. அந்த ஏழு வருசமும் எல்லாரும் என்னயப் பத்தி ஒங்களுக்குள்ள பேசுனிய. எங்கிட்ட வந்து, 'ஏன்ணே, ஒனக்கு என்ன செய்யுது'ன்னு ஒருத்தன் கேட்டியளால?"

பஸ்ல கேட்ட பெரியவரே, எனக்கு என்ன நட்டம்னு கேட்டீங்களே. இதான்.

டிஸ்கி: அண்ணன்கிட்ட படிச்சுக் காட்டி, சம்மதம் வாங்கித்தான் போட்டிருக்கேன். தெரியாமல் கொடுக்கிற பழக்கத்தை விட்டாச்சு. படிப்பாயசம் இன்னும் பாக்கி. எப்போன்னு அவரே சொல்றேன்னிருக்கார், யாரும் அவசரப்படுத்தலை.